உடற்பயிற்சிக்குப் பின் நீராவிக் குளியல்

உடற்பயிற்சிக்குப் பின் நீராவிக் குளியல் என்பது ஓட்டம், பளுதூக்கல், நீச்சல் முதலான பயிற்சிகளை முடித்தவர்கள் நீராவி நிரம்பிய மூடிய அறையில் சில நிமிடங்கள் அமர்ந்திருக்கும் வழக்கத்தைக் குறிக்கும். பேச்சு வழக்கில் இது "ஸ்டீம் பாத்" எனப்படுகிறது. உடற்பயிற்சி நிலையங்கள், விடுதிகள், நீச்சல் குளங்கள் ஆகியவற்றில் இதற்கெனத் தனி அறைகள் கட்டப்படுகின்றன. தசை வலி தணியும், மூச்சு எளிதாகும், எடை குறையும், உடலின் நச்சு வெளியேறும் எனப் பல பயன்கள் இதற்குச் சொல்லப்படுகின்றன. இவற்றுள் சில ஓரளவு உண்மை. சில, உலர்ந்த சவுனா அறைகளில் நடந்த ஆய்வுகளிலிருந்து கடன் வாங்கப்பட்டவை. சில முற்றிலும் தவறு.

பயிற்சியை முடித்தவரின் உடல் ஏற்கனவே சூடேறியும் நீரிழந்தும் இருக்கிறது. நீராவி அறை அந்த உடலுக்கு மேலும் வெப்பம் ஏற்றுவதோடு, வியர்வை ஆவியாகி உடல் குளிரும் வழியையும் அடைத்துவிடுகிறது. இக்குளியலின் நன்மைகளும் தீமைகளும் பெரும்பாலும் இவ்விரண்டு செயல்களிலிருந்தே பிறக்கின்றன.

நீராவி அறையும் சவுனாவும்

நீராவி அறையும் சவுனாவும் ஒன்றெனவே பலர் கருதுகின்றனர். இரண்டும் வேறானவை. சவுனா பின்லாந்து மக்களின் மரபு. மரத்தால் ஆன அறையில், அடுப்பின் மேல் அடுக்கப்பட்ட கற்கள் சூடாக்கப்படுகின்றன. அறையின் வெப்பநிலை பொதுவாக 70 முதல் 100 பாகை செல்சியசு வரை இருக்கும், காற்று உலர்ந்திருக்கும். கற்களின் மீது அவ்வப்போது நீர் தெளித்து ஆவியெழுப்புவதும் உண்டு. ஏறத்தாழ 55 இலட்சம் மக்கள் வாழும் பின்லாந்தில் முப்பது இலட்சத்துக்கு அண்மித்த சவுனாக்கள் உள்ளதாகக் கணக்கிடப்படுகிறது. பின்லாந்தின் சவுனா பண்பாடு 2020ஆம் ஆண்டில் யுனெசுக்கோவின் புலனாகாப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

நீராவி அறையின் வெப்பநிலை இதில் பாதியளவே. அது பெரும்பாலும் 40 முதல் 50 பாகை வரை இருக்கும். ஆனால் காற்றின் ஈரப்பதம் 100 விழுக்காட்டை நெருங்கியிருக்கும். அறைக்கு வெளியேயுள்ள கொதிகலனில் உண்டாகும் நீராவி குழாய் வழியாக உள்ளே வருகிறது. சுவர்களில் நீர் வழிவதால் மரம் தாக்குப்பிடிக்காது. எனவே ஓடு, கல், கண்ணாடி, நெகிழி ஆகியவற்றால் அறை அமைக்கப்படுகிறது. துருக்கியிலும் அரபு நாடுகளிலும் வழங்கும் அம்மாம் குளியலும் ஈர வெப்பத்தையே பயன்படுத்துகிறது. எனினும் அதன் சூடு இன்றைய நீராவி அறையைவிடப் பெரும்பாலும் மிதமானது.

தமிழ் மருத்துவ மரபிலும் நீராவி புதிதன்று. சித்த மருத்துவத்தின் புற மருத்துவ முறைகளுள் ஒன்றான வேது, மூலிகை ஆவியை உடலில் படச்செய்வதாகும். ஆயுர்வேதத்தில் இதையொத்தது சுவேதனம் எனப்படுகிறது. இயற்கை மருத்துவ நிலையங்களில் காணப்படும் நீராவிப் பெட்டியில் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. நோயாளியின் உடல் பெட்டிக்குள்ளும் தலை வெளியேயும் இருக்கும். அவர் சுவாசிப்பது அறைக் காற்றையே. தலையும் முகமும் குளிர்ந்தே இருக்கின்றன. அருகில் ஒருவர் நின்று அவரைக் கவனிக்கவும் முடிகிறது. உடற்பயிற்சி நிலையத்தின் நீராவி அறையில் இம்மூன்றும் இல்லை. ஆகவே பெட்டிக்குச் சொல்லப்பட்ட கால அளவை அறைக்கும் அப்படியே பொருத்துவது சரியாகாது.

வெப்பம் உடலில் ஏறும் விதம்

90 பாகை சவுனாவில் அமர முடிந்த ஒருவருக்கு 48 பாகை நீராவி அறை மிக எளிதாக இருக்க வேண்டும் எனத் தோன்றலாம். உண்மை அப்படியன்று. காரணம் நீரின் உள்ளுறை வெப்பம்.

ஒரு லீட்டர் வியர்வை தோலின் மேல் முழுவதும் ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பத்தை உடலிலிருந்து எடுத்துச் செல்கிறது. மனித உடலின் முதன்மையான குளிரூட்டும் வழி இதுவே. ஓர் எடுத்துக்காட்டு: 70 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு மணி நேர ஓட்டத்தில் 700 கிலோகலோரி ஆற்றலைச் செலவழிக்கிறார் எனக் கொள்வோம். தசையின் திறன் சுமார் 20 முதல் 25 விழுக்காடு என்பதால், 525 கிலோகலோரிக்கும் மேல் வெப்பமாகவே வெளிப்படும். அவருடைய உடலின் வெப்பநிலையை ஒரு பாகை உயர்த்த ஏறக்குறைய 58 கிலோகலோரி போதும். வெப்பம் வெளியேற வழியே இல்லாதிருந்தால் அந்த ஒரு மணி நேரத்தில் அவருடைய உடல் ஒன்பது பாகை சூடேறியிருக்கும். அதாவது அவர் உயிரோடு இருக்க மாட்டார். அவரைக் காப்பாற்றுவது பெரும்பாலும் வியர்வையின் ஆவியாதலே.

ஆனால் வியர்வை ஆவியாக வேண்டுமெனில், தோலின் மேலுள்ள நீரின் ஆவியழுத்தம் சுற்றியுள்ள காற்றிலுள்ள நீராவியின் அழுத்தத்தைவிட மிகுந்திருக்க வேண்டும். 37 பாகையிலுள்ள ஈரத் தோலில் அது சுமார் 6.3 கிலோபாசுக்கல். 80 பாகையில், 10 விழுக்காடு ஈரப்பதம் கொண்ட சவுனாவின் காற்றில் அது சுமார் 4.7 கிலோபாசுக்கல். ஆகவே அத்தனை சூட்டிலும் வியர்வை ஆவியாகிறது. 45 பாகையில் நீராவியால் நிறைவுற்ற அறையிலோ காற்றின் ஆவியழுத்தம் 9.6 கிலோபாசுக்கல். இங்கே நிகழ்வு தலைகீழாகிறது. தோலிலிருந்து நீர் ஆவியாவதில்லை. மாறாக, காற்றிலுள்ள நீராவி தோலின் மேல் குளிர்ந்து நீராகிறது. அப்போது அது தன் உள்ளுறை வெப்பத்தைத் தோலுக்குக் கொடுத்துவிடுகிறது. 100 மில்லிலீட்டர் நீராவி உடலின் மேல் படிந்து நீரானால், மேற்சொன்ன மனிதரின் உடலை ஒரு பாகை உயர்த்தப் போதுமான வெப்பம் அதிலேயே உள்ளது.

நீராவி அறையிலிருந்து வெளிவருபவரின் உடலில் தாரை தாரையாக வழிவதெல்லாம் வியர்வையன்று என்பதும் இதனால் விளங்கும். அதில் ஒரு பகுதி, குளிர்ந்த கண்ணாடிக் குவளையின் வெளிப்புறத்தில் படியும் நீரைப் போல, காற்றிலிருந்து வந்து படிந்த நீர். எஞ்சியது வியர்வை, அது ஆவியாகாமல் கீழே சொட்டுவதால் உடலைக் குளிர்விப்பதில்லை. உடல் நீரை இழக்கிறது. அதற்கு ஈடாகக் குளிர்ச்சியைப் பெறவில்லை. சவுனாவில் கற்கள் மீது நீர் தெளித்தவுடன் தோலில் சுரீரென்று உறைக்கும் சூடும் இதே காரணத்தால் எழுவதே. அறையின் வெப்பநிலை அப்போது கூடுவதில்லை. ஆவியழுத்தம்தான் திடீரெனக் கூடுகிறது.

போலந்து நாட்டில் பத்து இளைஞர்களைக் கொண்டு நடத்தி 2014இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வு இதை அளந்து பார்த்தது. 91 பாகை உலர் சவுனாவிலும் சுமார் 60 பாகை ஈர சவுனாவிலும் அவர்கள் ஒரே கால அளவு அமர்த்தப்பட்டனர். உலர் சவுனாவில் எடையிழப்பு மிகுதியாக இருந்தது. ஆனால் உடலின் மீதான வெப்பச் சுமை ஈர சவுனாவிலேயே மிகுதி. வெப்பமானி காட்டும் எண்ணை மட்டும் பார்த்து அறையின் கடுமையை மதிப்பிடக் கூடாது என்பது இதன் பொருள்.

பயிற்சி முடிந்த உடலின் நிலை

கடும் பயிற்சி முடிந்தவுடன் உடலின் உள்வெப்பநிலை 38 பாகைக்கு மேல் இருப்பது இயல்பு. நீண்ட ஓட்டத்துக்குப் பின் 39 பாகையைக் கடப்பதும் உண்டு. தசைகளுக்குச் சென்ற குருதி நாளங்கள் விரிந்தபடியே இருக்கும். கால் தசைகள் இயங்கும்போது அவை நாளங்களை அழுத்திக் குருதியை இதயத்துக்கு ஏற்றித் தள்ளுகின்றன. பயிற்சி நின்றதும் இந்த உதவியும் நின்றுவிடுகிறது. வியர்வையால் குருதியின் நீர்ப்பகுதியும் குறைந்திருக்கும். இவற்றின் விளைவாகப் பயிற்சிக்குப் பின் சில மணி நேரத்துக்குக் குருதியழுத்தம் வழக்கத்தைவிடச் சற்றுத் தாழ்ந்திருக்கிறது. நலமுள்ளவர்களுக்கு இதனால் தீங்கில்லை.

இந்நிலையில் நீராவி அறைக்குள் நுழைந்தால், வெப்பத்தை வெளியேற்றும் முயற்சியில் தோலின் குருதி நாளங்களும் விரிகின்றன. இருக்கும் குருதி மேலும் பரந்த இடத்தில் பரவ வேண்டியுள்ளது. இதயம் விரைந்து துடித்து ஈடுகட்டுகிறது. வெப்பக் குளியலில் இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 100 முதல் 150 வரை உயரக்கூடும். அமர்ந்திருக்கும் வரை பெரும்பாலும் ஒன்றும் தெரிவதில்லை. எழுந்து நிற்கும் கணத்தில் குருதி கால்களில் தேங்கி, மூளைக்குச் செல்வது குறைந்து, கண் இருட்டி மயக்கம் வருகிறது. ஈரமான ஓடு பதித்த தரையில் மயங்கி விழுவது மயக்கத்தைவிட ஆபத்தானது.

ஆய்வுகள் கூறுவன

பயிற்சிக்குப் பிந்திய வெப்பத்துக்கு உண்மையான பயன்களும் உண்டு. நியூசிலாந்தில் நடத்தி 2007இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வில் ஆறு நெடுந்தூர ஓட்டக்காரர்கள் பங்கேற்றனர். மூன்று வாரங்கள், பயிற்சி முடிந்தவுடன் சுமார் 90 பாகை சவுனாவில் அரைமணி அளவு அமர்ந்தனர். களைத்து நிற்கும் வரை ஓடும் நேரம் 32 விழுக்காடு கூடியது. இது போட்டி ஓட்ட நேரத்தில் ஏறத்தாழ 2 விழுக்காடு முன்னேற்றத்துக்கு இணையானது என ஆய்வாளர்கள் மதிப்பிட்டனர். குருதியின் நீர்ப்பகுதியான பிளாசுமாவின் அளவு 7 விழுக்காடு அளவுக்குப் பெருகியிருந்தது. மீண்டும் மீண்டும் வெப்பத்துக்கு உள்ளாகும் உடல் பிளாசுமாவைப் பெருக்கிக்கொண்டு, விரைவில் வியர்க்கவும் கற்றுக்கொள்கிறது. வெப்ப நாடுகளில் போட்டியிடச் செல்லும் வீரர்கள் இதற்காகவே வெப்பப் பழக்கம் பெறுகின்றனர். ஆனால் ஆறு பேரைக் கொண்ட ஆய்வு ஒரு தொடக்கமேயன்றி முடிவன்று.

பின்லாந்தின் யுவாசுகிலா பல்கலைக்கழகத்தார் 2022இல் வெளியிட்ட ஆய்வு இதைவிட வலுவானது. உடலுழைப்புக் குறைந்த 47 பேர் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் எட்டு வாரங்கள் உடற்பயிற்சி மட்டும் செய்தனர். மற்றொரு பிரிவினர் பயிற்சிக்குப் பின் 15 நிமிடம் சவுனாவிலும் அமர்ந்தனர். சவுனா சேர்த்தவர்களின் இதய நுரையீரல் திறன் மேலும் உயர்ந்தது. அவர்களுடைய சுருங்கழுத்தம் பயிற்சி மட்டும் செய்தவர்களைவிடக் கூடுதலாக 8 மில்லிமீட்டர் பாதரச அளவு குறைந்தது. மொத்தக் கொழுப்பும் குறைந்தது.

மிகவும் எடுத்துக்காட்டப்படுவது, பின்லாந்தின் குவோப்பியோ பகுதியைச் சேர்ந்த 2,315 நடுவயது ஆண்களைச் சுமார் இருபது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2015இல் வெளியிடப்பட்ட ஆய்வாகும். வாரத்துக்கு 4 முதல் 7 முறை சவுனா சென்றவர்களிடம், ஒரு முறை மட்டும் சென்றவர்களைவிட, திடீர் இதய மரணம் 63 விழுக்காடு குறைந்து காணப்பட்டது. இது பார்வை வகை ஆய்வு. அடிக்கடி சவுனா செல்ல உடல்நலமும் ஓய்வு நேரமும் வேண்டும். அவை இரண்டுமே ஆயுளை நீட்டக்கூடியவை. இத்தகைய வேறுபாடுகளைக் கணக்கில் கொள்ள ஆய்வாளர்கள் முயன்றுள்ளனர் என்றாலும், சவுனாதான் காரணம் என இதைக்கொண்டு மட்டும் நிறுவ முடியாது.

இவ்வாய்வுகள் மூன்றும் சவுனாவைப் பற்றியவை. நீராவி அறையைப் பற்றி இவற்றுக்கு நிகரான நீண்டகால ஆய்வு இல்லை. "இதயத்துக்கு நல்லது என அறிவியல் நிறுவியுள்ளது" என நீராவி அறைகளின் வாயிலில் எழுதி வைக்கப்படும்போது, பின்லாந்தின் உலர் வெப்பத்தில் கிடைத்த முடிவு வேறொரு வெப்பத்துக்கு ஏற்றிச் சொல்லப்படுகிறது. குருதி நாளங்கள் விரிதல், பிளாசுமா பெருகுதல் ஆகியன ஈர வெப்பத்திலும் நிகழும் என எதிர்பார்க்கலாம். எவ்வளவு நேரம், எந்தச் சூட்டில் என்பது மட்டும் சவுனாவின் கணக்குப்படி அமையாது.

பரவலான நம்பிக்கைகள்

எடை குறைதல்: நீராவி அறையிலிருந்து வந்தவுடன் எடை பார்த்தால் சில நூறு கிராம் குறைந்திருக்கும். குறைந்தது நீர் மட்டுமே. நீர் அருந்தியதும் அது திரும்பிவிடும். திரும்பாவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். அமர்ந்த நிலையில் இதயம் விரைந்து துடிப்பதைக் கொண்டு, ஓடியதற்கு இணையான கொழுப்பு கரைந்ததாகக் கருதுவதும் பிழை. துடிப்பு உயர்வது தோலுக்குக் குருதி அனுப்புவதற்காக. தசைகள் அங்கே வேலை எதுவும் செய்யவில்லை.

நச்சு வெளியேறுதல்: வியர்வை பெரும்பாலும் நீரும் உப்புமாகும். மிகச் சிறிதளவு யூரியாவும் உலோகங்களும் அதில் உண்டு. உடலின் கழிவுகளை மாற்றி அகற்றுவன கல்லீரலும் சிறுநீரகங்களுமே. கடுமையான நீரிழப்பு சிறுநீரகத்துக்குச் செல்லும் குருதியைக் குறைப்பதால், நச்சகற்றும் உறுப்புக்கே அது இடையூறாகிறது.

தசை வலி தணிதல்: வெப்பம் தசை இறுக்கத்தைத் தளர்த்தி, வலியுணர்வைத் தற்காலிகமாகக் குறைக்கிறது, மூட்டுகள் எளிதில் அசைகின்றன. இதை அனுபவித்தவர்கள் சொல்வது பொய்யன்று. ஆனால் பழக்கமில்லாத பயிற்சிக்குப் பின் 24 முதல் 72 மணி நேரத்தில் உச்சமடையும் தசை வலி, தசைநார்களில் ஏற்பட்ட நுண்ணிய சிதைவாலும் அதைத் தொடரும் அழற்சியாலும் உண்டாவது. பதினைந்து நிமிட நீராவி அச்சிதைவைச் சரிசெய்வதாகக் கொள்ள வலுவான சான்றில்லை. "லாக்டிக் அமிலம் வெளியேறும்" என்ற விளக்கமும் பழையது. பயிற்சி முடிந்து ஓரிரு மணி நேரத்துக்குள் அவ்வமிலம் தானாகவே இயல்பளவுக்கு இறங்கிவிடுகிறது. மறுநாள் வலிக்கு அது காரணமுமன்று. சுளுக்கு, தசைப்பிளவு போன்ற புதிய காயம் உள்ள இடத்தில் வெப்பம் வீக்கத்தைக் கூட்டக்கூடும்.

மூச்சு எளிதாதல்: ஈரக் காற்று மூக்கடைப்பைச் சற்று நேரத்துக்கு இளக்கித் தருகிறது. சளிக்காய்ச்சலில் சூடான ஈரக் காற்றைச் சுவாசிப்பது பற்றிய சோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்த காக்ரேன் திறனாய்வு, அதனால் உறுதியான பயன் உண்டு என நிறுவ முடியவில்லை என முடிவுரைத்தது. ஆசுத்துமா உள்ளவர்களின் நிலை இன்னும் சிக்கலானது. குளிர்ந்த உலர்காற்றில் ஓடும்போது மூச்சுக்குழாய் சுருங்கும் சிலருக்கு ஈரக் காற்று இதமளிக்கிறது. ஆயினும் இலேசான ஆசுத்துமா உள்ளவர்கள் 49 பாகை ஈரக் காற்றைச் சுவாசித்தபோது அவர்களுடைய மூச்சுக்குழாய்கள் சுருங்கின என 2012இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. அதே வெப்பநிலைதான் பல நீராவி அறைகளில் உள்ளது. ஆவியில் கலக்கப்படும் யூக்கலிப்டசு எண்ணெயும் சிலருக்கு இருமலைத் தூண்டும்.

1997ஆம் ஆண்டின் மரணங்கள்

பயிற்சியையும் வெப்பத்தையும் நீரிழப்பையும் ஒன்றுசேர்த்தால் நேரக்கூடியதற்கு மிகத் தெளிவான பதிவு ஐக்கிய அமெரிக்காவின் கல்லூரி மற்போர்க் களத்திலிருந்து கிடைத்துள்ளது. மற்போரில் வீரர்கள் எடைப் பிரிவு வாரியாக மோதுகின்றனர். தம் இயல்பான எடையைவிடக் குறைந்த பிரிவில் இறங்கினால் சிறிய எதிராளி கிடைப்பார் என்பதால், போட்டிக்கு முந்திய நாட்களில் உடல்நீரை வேண்டுமென்றே வெளியேற்றும் பழக்கம் நெடுங்காலமாக இருந்தது. சவுனா, நீராவி அறை, காற்றுப் புகாத நெகிழி உடை, பட்டினி, நீர் அருந்தாமை, பேதி மருந்து ஆகியவை இதற்கான கருவிகள்.

1997 நவம்பர் 7 முதல் திசம்பர் 9 வரையான 33 நாட்களில், வட கரோலினா, விசுகான்சின், மிச்சிகன் மாநிலங்களில் 19 முதல் 22 வயதுடைய மூன்று கல்லூரி வீரர்கள் இவ்வாறு எடை குறைக்கும் முயற்சியில் இறந்தனர். மூவரும் உணவையும் நீரையும் குறைத்திருந்தனர்; மூவரும் ஆவி புகாத உடையணிந்து வெப்பமான சூழலில் கடும் பயிற்சி செய்தனர். ஆவி புகாத உடை செய்யும் வேலை நீராவி அறை செய்யும் வேலையேதான்: அது தோலையொட்டிய காற்றை ஈரத்தால் நிறைத்து, வியர்வை ஆவியாவதைத் தடுக்கிறது. இறந்தவர்கள் நோயாளிகளல்லர், நல்ல உடற்கட்டு கொண்ட, பயிற்சி பெற்ற விளையாட்டு வீரர்கள். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 1998 பெப்ரவரியில் இம்மரணங்களைப் பற்றிய அறிக்கையை வெளியிட்டது.

இதைத் தொடர்ந்து அந்நாட்டின் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் எடை குறைப்பதற்காகச் சவுனா, நீராவி அறை, ஆவி புகாத உடை ஆகியவற்றைப் பயன்படுத்துவதைத் தடை செய்தது. எடை பார்க்கும் நேரம் போட்டி நேரத்துக்கு நெருக்கமாகக் கொண்டுவரப்பட்டது. இதனால் இழந்த நீரை இடையில் ஈடுசெய்துகொள்ளும் வாய்ப்புப் போனது. ஒவ்வொரு வீரரின் குறைந்தபட்ச எடையும் பருவத் தொடக்கத்தில், சிறுநீரின் அடர்த்தியைச் சோதித்து அவர் நீரிழப்பில் இல்லை என உறுதிசெய்த பிறகே தீர்மானிக்கப்படலாயிற்று. குத்துச்சண்டை, கலப்புச் சண்டை, பளுதூக்கல் ஆகிய பிற துறைகளில் வெப்ப அறையில் எடை குறைக்கும் பழக்கம் முற்றாக மறையவில்லை.

வெப்பத்தைப் பொறுத்துக்கொள்ளும் திறன் ஒருவருக்குக் காப்பாக அமைவதில்லை. பின்லாந்தின் எயினோலா நகரில் 1999 முதல் நடந்துவந்த உலக சவுனா போட்டியில், 2010ஆம் ஆண்டு இறுதிச் சுற்றுக்கு வந்த இருவர் 110 பாகை அறையில் சில நிமிடங்களிலேயே நிலைகுலைந்தனர். ஒருவர் இறந்தார், மற்றவர் கடும் தீக்காயங்களுடன் பிழைத்தார். அப்போட்டி அத்துடன் கைவிடப்பட்டது. அன்றாடச் சவுனாக் குளியலில் மரணம் அரிது. பின்லாந்தில் ஆண்டுக்கு இலட்சம் பேருக்கு இரண்டுக்கும் குறைவு என ஓர் ஆய்வு கணித்தது. அவ்வாறு இறந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் மது அருந்தியிருந்தனர்.

தவிர்க்க வேண்டியவர்கள்

அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள், நிலையற்ற நெஞ்சுவலி உள்ளவர்கள், பெருநாடி வால்வு கடுமையாகச் சுருங்கியவர்கள் ஆகியோர் வெப்பக் குளியலைத் தவிர்க்க வேண்டும். காய்ச்சல், வயிற்றுப்போக்கு உள்ளபோதும் மது அருந்திய பின்னும் எவரும் செல்லலாகாது. சிறுநீர் பெருக்கும் மருந்து உண்பவர்கள் விரைவில் நீரிழப்புக்கு ஆளாவார்கள். பீட்டா தடுப்பி மருந்து இதயம் விரைந்து துடித்து ஈடுகட்டுவதைத் தடுக்கிறது.

பலரும் அறியாத ஒன்று தோலில் ஒட்டும் மருந்துப் பட்டைகள். நைட்ரோகிளிசரின், பெண்டனில் முதலான மருந்துகள் தோல் சூடாகும்போது குருதியில் வேகமாகக் கலக்கின்றன. நெஞ்சுவலிக்காக நைட்ரோகிளிசரின் பட்டை ஒட்டியிருப்பவர் அதனுடன் நீராவி அறைக்குச் சென்றால் குருதியழுத்தம் அபாய அளவுக்குச் சரியலாம். பெண்டனில் பட்டையால் மூச்சே தடைபடக்கூடும்.

கருவுற்ற முதல் மூன்று மாதங்களில் தாயின் உள்வெப்பநிலை 39 பாகையைத் தாண்டுவது, குழந்தையின் நரம்புக் குழாய்க் குறைபாடுகளோடு தொடர்புபடுத்தப்படுகிறது. அக்காலத்தில் நீராவி அறையைத் தவிர்ப்பதே முறை. ஆண்களைப் பொறுத்தவரை, மூன்று மாதங்கள் வாரம் இருமுறை சவுனா சென்ற பத்துப் பேரிடம் விந்தணுக்களின் எண்ணிக்கை குறைந்ததாகவும், நிறுத்திய பின் ஆறு மாதத்தில் இயல்புக்குத் திரும்பியதாகவும் இத்தாலியில் 2013இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. குழந்தைகளின் உடல் பெரியவர்களின் உடலைவிட விரைவில் சூடேறுவதால் அவர்களை இவ்வறைக்குள் தனியே விடக் கூடாது.

பயன்படுத்தும் முறை

பயிற்சி முடிந்தவுடன் நேரே அறைக்குள் செல்லாமல், பத்து நிமிடமாவது மெதுவாக நடந்து, இதயத் துடிப்பு தணிந்த பின் செல்வது நல்லது. வியர்வை அடங்கியிருப்பது நல்ல அறிகுறி. அதற்கு முன்பே நீர் அருந்தியிருக்க வேண்டும். ஈர வெப்பத்தில் முதன்முறை செல்பவருக்கு ஐந்து நிமிடம் போதும். பழகியவர்களும் பத்து, பதினைந்து நிமிடத்துக்கு மேல் இருப்பதில் கூடுதல் பயன் எதுவும் காட்டப்படவில்லை. கீழ்ப்படியில் வெப்பம் குறைவு என்பதால் முதலில் அங்கே அமரலாம். எழும்போது சற்று நேரம் கால்களை அசைத்துவிட்டு, பிடிமானத்துடன் எழ வேண்டும். ஈரத் தரையில் படர்தாமரை போன்ற பூஞ்சைத் தொற்று எளிதில் பரவுவதால் காலணியும் அமர்வதற்குத் தனித் துண்டும் தேவை.

பயிற்சிக்கு முன்னும் நீராவிக் குளியலுக்குப் பின்னும் எடை பார்த்துக்கொள்வது பயனுள்ள பழக்கம். குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றேகால் முதல் ஒன்றரை லீட்டர் வரை நீரை அடுத்த சில மணி நேரத்தில் சிறிது சிறிதாக அருந்த வேண்டும். உப்பிட்ட மோர், கஞ்சி போன்றவை நீரோடு இழந்த உப்பையும் ஈடுசெய்கின்றன. உடல் எடையில் 2 விழுக்காட்டுக்கு மேல் குறைந்திருந்தால், அன்று நீராவி அறைக்குச் சென்றிருக்கவே கூடாது என்று கொள்ளலாம்.

தலைவலி, குமட்டல், நெஞ்சு படபடப்பு, உடல் சிலிர்ப்பு ஆகியவற்றில் எது தோன்றினாலும் உடனே வெளியேற வேண்டும். ஒருவர் குழப்பமாகப் பேசினாலோ, நடை தள்ளாடினாலோ, நினைவிழந்தாலோ அதை வெறும் மயக்கமாகக் கருதாமல் வெப்பத் தாக்கு எனவே எடுத்துக்கொள்ள வேண்டும். இந்நிலையில் உடலின் உள்வெப்பநிலை 40 பாகையைக் கடந்திருக்கக்கூடும்; மூளையும் சிறுநீரகமும் கெடுவது வெப்பம் நீடிக்கும் நேரத்தைப் பொறுத்தது. அவசர ஊர்தியை அழைத்துவிட்டு, அது வரும்வரை காத்திராமல் அவரைக் குளிரச் செய்ய வேண்டும். தலை மூழ்காதபடி ஒருவர் தாங்கிப் பிடித்துக்கொள்ள, கழுத்தளவு குளிர்ந்த நீரில் அமிழ்த்துவதே மிக விரைவான வழி. தொட்டி இல்லாத இடத்தில் உடல் முழுதும் குளிர்ந்த நீரைத் தொடர்ந்து ஊற்றி, விசிறியால் காற்று வீசலாம். கழுத்து, அக்குள், தொடையிடுக்கு ஆகிய இடங்களில் பனிக்கட்டிப் பொதியும் வைக்கலாம். நினைவில்லாதவருக்கு வாயில் நீர் புகட்டக் கூடாது.